பூட்டப்படாத அலமாரி

அமெரிக்க நாவல்களைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் இராது. நம் கதைகளில் கூடத்து ஊஞ்சலும் கொல்லைக் கிணறும் வருவது போல, அவர்கள் கதைகளில் துப்பாக்கி வருகிறது. சுவரில் மாட்டியிருக்கும், அல்லது அலமாரியில் கிடக்கும். போலீஸ்காரனோ திருடனோ கொண்டுவந்ததல்ல. அது வீட்டுச் சாமான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஆசிரியர் காரணம் சொல்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் விட்ட கேள்வியைப் பற்றித்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான்கு அமெரிக்க நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். நான்கிலும் ஒரு பையன் இருக்கிறான், ஒரு ஆயுதம் இருக்கிறது, பெற்றவர்கள் இருக்கிறார்கள். முதல் நாவல் 1938-இல் வந்தது, கடைசி நாவல் 2003-இல். இந்த 65 வருஷங்களில் பெற்றவர்களுக்கும் ஆயுதத்துக்கும் இடையே இருந்த உறவு எப்படித் தேய்ந்து போயிற்று என்பதை இந்த நான்கு புத்தகங்களுமே காட்டிவிடுகின்றன.

முதலாவது மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் அம்மையார் எழுதிய 'தி இயர்லிங்'. 1939-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஃபுளோரிடாக் காட்டில், உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலத்தில், ஒரு ஏழைக் குடும்பம். கரடி வந்து பன்றியைக் கொன்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பட்டினிதான். ஆகையால் துப்பாக்கி அங்கே கலப்பையைப் போல ஒரு கருவி. மகன் ஜோடி ஆசையாக வளர்க்கும் மான்குட்டி, வளர்ந்ததும் வயலில் பயிரைத் தின்னத் தொடங்குகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தகப்பன், மானைச் சுட்டுவிடு என்கிறான். பையனால் முடியவில்லை. தாய் சுடுகிறாள், குறி தவறி மான் காயப்பட்டுத் துடிக்கிறது. அந்த வேதனையை முடித்து வைக்கப் பையனே துப்பாக்கியை எடுக்க வேண்டியதாகிறது.

இந்த இடத்தைப் படித்துவிட்டு ஆசிரியை ஈவிரக்கமற்றவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே பையன் கையில் துப்பாக்கி வந்தபோது தாயும் தகப்பனும் பக்கத்தில் இருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரு குண்டின் விலை என்ன என்பதை ஜோடி ஆயுள் முழுவதும் மறக்க மாட்டான்.

இரண்டாவது, ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960). அட்டிகஸ் என்ற வக்கீல் கிறிஸ்துமஸுக்குத் தன் குழந்தைகள் இருவருக்கும் காற்றுத் துப்பாக்கி வாங்கித் தருகிறார். ஆனால் சுடக் கற்றுத்தர மறுத்துவிடுகிறார். அந்தப் பொறுப்பைச் சிற்றப்பன் ஏற்றுக்கொள்கிறார். தங்கள் தகப்பனுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது என்றுதான் குழந்தைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் வெறி பிடித்த நாய் ஒன்று தெருவில் வருகிறது. ஷெரீப் தன் துப்பாக்கியை அட்டிகஸ் கையில் கொடுக்கிறார். ஒரே குண்டு, நாய் விழுகிறது. அந்த ஊரிலேயே அவரைப் போலக் குறி பார்த்துச் சுடக்கூடியவர் கிடையாது என்பது அன்றுதான் குழந்தைகளுக்குத் தெரிகிறது. பிறகு சிறைச்சாலை வாசலில் கூட்டத்தைத் தடுக்க உட்காரும்போது அவர் கையில் ஒரு பத்திரிகைதான் இருக்கிறது.

இந்தத் தகப்பனை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கும் பிடிக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். வாங்கிக் கொடுத்தவர் அவர். கற்றுத்தர மறுத்தவரும் அவர். குருவியைக் குறி வைப்பார்கள் என்று தெரிந்தே கொடுக்கிறார். கூடவே ஒரு நீதியையும் சொல்லிவிடுகிறார். நீதி சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற வழக்கம் மிக நல்ல தகப்பன்மாரிடமும் உண்டு என்பதை, ஆசிரியை அறிந்தோ அறியாமலோ, அங்கே காட்டிவிடுகிறார்.

மூன்றாவது புத்தகத்தை இப்போது கடையில் வாங்க முடியாது. ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 1977-இல் வெளியிட்ட 'ரேஜ்'. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஆசிரியையைச் சுட்டுக் கொன்றுவிட்டு, வகுப்பு முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்கிறான். நேரம் போகப் போக வகுப்பில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கிங் இதை எழுதத் தொடங்கியபோது அவரே பள்ளிக்கூடத்துப் பையன். தகப்பனின் கொடுமை அதில் நிறைய வருகிறது. ஆனால் அந்தக் கோபமே கதைக்கு ஒரு மகிமையைக் கொடுத்துவிடுகிறது.

1997 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தில் 14 வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்காகக் கூடி நின்ற பிள்ளைகளைச் சுட்டான். மூன்று பெண்கள் இறந்தார்கள். துப்பாக்கிகள் அண்டை வீட்டிலிருந்து திருடியவை. அவனிடம் 'ரேஜ்' பிரதி ஒன்று இருந்தது என்று தெரிய வந்ததும், கிங் அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 2013-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில், தம்மிடமும் துப்பாக்கிகள் உண்டு என்பதை மறைக்காமல், இதற்கான காரணத்தை விளக்கியிருக்கிறார். புத்தகம் கொலைகாரனை உண்டாக்காது; ஆனால் ஏற்கெனவே பற்றியிருக்கிற தீயில் எண்ணெய் வார்க்கும் என்பது அவர் கட்சி.

எழுத்தாளர் தம் புத்தகத்தைத் தாமே திரும்பப் பெறலாமா என்று கேட்டால், பொதுவாக நான் கூடாது என்றுதான் சொல்வேன். இன்று மனச்சாட்சி கேட்கும். நாளைக்கு சர்க்கார் கேட்கும். ஆனால் கிங் செய்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. தம் வீட்டு அலமாரியில் ஆபத்தான சாமான் ஒன்று இருப்பதைக் கண்டு, அதைப் பூட்டி வைத்தார். அவ்வளவுதான். அமெரிக்காவில் எத்தனையோ தகப்பன்மார் நிஜத் துப்பாக்கியைக் குறித்துச் செய்யாத காரியத்தை, ஒரு நாவலாசிரியர் காகிதத் துப்பாக்கியைக் குறித்துச் செய்தார்.

நான்காவது நாவல் லயனல் ஷ்ரைவர் எழுதிய 'வீ நீட் டு டாக் அபவுட் கெவின்' (2003). 2005-இல் ஆரஞ்சுப் பரிசு பெற்றது. 2011-இல் சினிமாவாகவும் வந்தது. இந்த நால்வரில் மிகவும் கெட்டிக்கார எழுத்து இவருடையதுதான். பள்ளிக்கூடத்தில் கொலைகள் செய்த பையனின் தாய் எவா, தன் கணவனுக்கு எழுதும் கடிதங்களாகக் கதை போகிறது. பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு அவனிடம் அன்பு சுரக்கவில்லை. இதைச் சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பெண் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிறவியிலேயே கெட்டவனா, தாயின் குளிர்ந்த மனம் அவனைக் கெடுத்ததா என்பதுதான் நாவலின் கேள்வி. பதில் சொல்லாமலே ஆசிரியை நம்மைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகிறார். முடிவைச் சொல்லி ருசியைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. கெவின் துப்பாக்கியால் கொல்வதில்லை. வில் விசையால் கொல்கிறான். கலை ரீதியாக இது சாமர்த்தியமான காரியம். துப்பாக்கி என்ற சொல் வந்தால் உடனே சட்டம், கட்சி, வாக்குவாதம் என்று போய்விடும். மனசைப் பற்றிப் பேச முடியாது. ஆகையால் ஆசிரியை துப்பாக்கியை அகற்றிவிட்டு மனசை மட்டும் மேஜை மேல் வைக்கிறார். இப்படிச் செய்ததில் நாவல் ஆழமாயிற்று. ஆனால் உண்மையின் ஒரு பாதி வெளியே போய்விட்டது. தாய் பிள்ளையை நேசித்தாளா என்று 400 பக்கம் கேட்கிறோம். ஆயுதம் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஏன் இருந்தது என்று அதில் பாதிகூடக் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை நாவல் கேட்கத் தவறியபோது, கடைசியில் நீதிமன்றம் கேட்டது. 2021 நவம்பர் 26-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தகப்பன் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். 15 வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக. மறுநாளே தாய் அவனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். 30-ஆம் தேதி காலை, பையன் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமுமாகப் படம் வரைந்து, தனக்கு உதவி வேண்டுமென்று எழுதியிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் கண்டார்கள். பெற்றோரை அழைத்தார்கள். வீட்டுக்கு அழைத்துப் போக அவர்கள் சம்மதிக்கவில்லை. புதிதாக வாங்கிய துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தாரும் புத்தகப் பையைத் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பின் நான்கு பிள்ளைகள் சுடப்பட்டு இறந்தார்கள். பூட்டி வைப்பதற்கென்றே கொடுக்கப்பட்ட கம்பிப் பூட்டு, உறை பிரிக்கப்படாமலே அந்த வீட்டில் கிடந்தது.

2024 பிப்ரவரியில் தாயும் மார்ச்சில் தகப்பனும் குற்றவாளிகள் என்று ஜூரர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆளுக்கு 10 முதல் 15 வருஷச் சிறை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடத்திய இப்படிப்பட்ட கொலைகளுக்காகப் பெற்றோர் மரணத்துக்குக் காரணமானவர்கள் என்று தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுவே முதல் தடவை. சம்பவம் நடந்த காலத்தில், வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம்கூட அந்த மாநிலத்தில் இல்லை. 1989-லேயே ஃபுளோரிடாவில் அப்படி ஒரு சட்டம் வந்திருந்தது. மிச்சிகனில் அது அமலுக்கு வந்தது 2024 பிப்ரவரியில்தான்.

இது எங்கோ நடந்த ஒரு தனிச் சம்பவம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020-இல் அமெரிக்கக் குழந்தைகள், இளைஞர்களின் மரணக் காரணங்களில் துப்பாக்கி முதல் இடத்துக்கு வந்து, மோட்டார் விபத்தைப் பின்னே தள்ளிவிட்டது. பள்ளிக்கூடத் தாக்குதல்களை ஆராய்ந்து அந்த நாட்டு ரகசியப் போலீஸ் இலாகா 2019-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கி எடுத்து வந்த பிள்ளைகளில் 100-க்கு 76 பேர், அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்தார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது.

நாவல் என்பது நீதிமன்றம் அல்லவே, பூட்டையும் சாவியையும் பற்றி எழுதுவது போலீஸ் ரிப்போர்ட் ஆகிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதற்கு ஃப்ளாபேரின் 'மதாம் பொவாரி'யை நான் பதிலாகச் சொல்வேன். எம்மா விஷம் தின்று சாகிறாள். அவள் மனசைப் பற்றி அந்த நாவல் சொன்னதைவிட அதிகமாக வேறு எந்த நாவலும் சொல்லிவிடவில்லை. ஆனால் அந்த விஷம் எங்கே இருந்தது என்பதையும் ஃப்ளாபேர் விடவில்லை. மருந்துக் கடைக்காரர் தம் சாமான் அறையில் பாஷாணம் இருக்கும் நீல ஜாடியைப் பற்றி எல்லார் எதிரிலும் இரைந்து பேசுகிறார். எம்மா அதைக் கேட்டுக்கொள்கிறாள். சாவி எங்கே தொங்குகிறது என்பது கடைப் பையனுக்குத் தெரியும். பல அத்தியாயங்கள் கழித்து, அவள் கேட்டதும் அந்தப் பையன் கதவைத் திறந்துவிடுகிறான். மனசும் சாவியும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் அந்தச் சாவு நிகழ்கிறது. இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் ஃப்ளாபேர் ஃப்ளாபேராக இருந்திருக்க மாட்டார்.

ஷ்ரைவர் போன்ற கெட்டிக்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். தாயின் அன்பைப் பற்றி எழுதும்போது துக்கம் உண்டு, மர்மம் உண்டு, வாசகருக்கு ஒரு சமாதானமும் உண்டு. அன்பு நம் கையில் இல்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளையின் சுபாவமும் நம் கையில் இல்லை என்று சொல்லிவிடலாம். பூட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளையை நேசிக்க முடியாத தாயும் ஒரு பூட்டைப் பூட்ட முடியும். உயிரையே வைத்திருக்கிற தகப்பனும் பூட்டாமல் விட்டுவிட முடியும். மிச்சிகன் தகப்பன் தன் மகனை வெறுத்ததாக யாரும் சொல்லவில்லை. பிரியமாகத்தான் பரிசு வாங்கிக் கொடுத்தார்.

நாலாவது நாவல் வந்து இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. உறை பிரிக்காத அந்தப் பூட்டிலிருந்து தொடங்குகிற நாவலை இன்னும் நான் படிக்கவில்லை. யாராவது எழுதினால், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.