தலைக்கு மட்டும் கட்டுகிற கட்டிடங்கள்

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் ரேணுகாம்பாளைச் சிரசாகத்தான் கும்பிடுகிறார்கள். தகப்பன் சொன்னதற்காக மகன் வெட்டிய தலை. தலை தெய்வமாகிறது, உடல் கதையிலிருந்தே காணாமல் போகிறது. நமது கட்டிடங்களின் கதையாடலும் இதுதான். கணக்குப் போடுகிற அறிவுக்கு மட்டுமே அவற்றில் இடம். இரைச்சலில் நடுங்குகிற, நெரிசலில் மூச்சு முட்டுகிற உடல் வரைபடத்துக்கு வெளியே நிற்கிறது.

ஊனம் என்றால் சக்கர நாற்காலி, சக்கர நாற்காலி என்றால் சாய்தளம். அரசின் மனசாட்சி இதோடு அடங்கிவிடுகிறது. சாய்தளத்தை நாம் கேலி செய்யவில்லை. 2022இல் மெரினாவில் திறந்த மரப்பாதை போராடிப் பெற்றது. ஆனால் அத்தோடு முடிந்ததா? 1995 சட்டம் ஒத்துக்கொண்ட 7 ஊனங்களில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டம் 21 ஆக்கி அதையும் சேர்த்தது. 'மாற்றுத்திறனாளி' என்று பேரையும் மாத்தியாச்சு. சுவர்? அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 15(1)ஆம் விதி செல்லாது என்று சொல்ல, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு 2024 நவம்பர் வரை ஆயிற்று.

எகிப்தியக் கட்டிடக் கலைஞர் மக்தா முஸ்தஃபா, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 7 நெறிகளை வகுத்தார். சத்தத்தை அடக்குவது, ஒதுங்க ஓர் இடம், இடம் மாறும்போது புலன்கள் நிதானிக்க ஓர் இடைவெளி ஆகியவை அவற்றில் சில. "நம்ம திண்ணையும் பிரகாரமும் இதைத்தானே செஞ்சுது" என்று பழம்பெருமை பேச ஒரு கூட்டம் கிளம்பும். திண்ணையில் யார் உட்காரலாம், பிரகாரத்துக்குள் யார் வரலாம் என்று சாதி தீர்மானித்ததைச் சொல்லாமல் அந்த நிழலைப் புகழ்வது மோசடி.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். அமைதி யாருடைய மதிப்பீடு? பறையைச் 'சத்தம்' என்று விலக்கியவர்களுடையதுதானே? நியாயமான கேள்வி. ஆனால் எந்த அம்மன் கோயிலிலும் ஆடி வெள்ளியன்று கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே, கம்பித் தடுப்பு வரிசைக்குள் ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு காதைப் பொத்தி அலறினால்? "சாமி வந்திருக்கு" என்பார்கள், இல்லையென்றால் "வளத்த லட்சணம்" என்பார்கள். அடுத்த வருஷம் அந்தத் தாய் வரமாட்டாள். அவளை யாரும் தடுத்ததாக எங்கும் பதிவிருக்காது. பதிவே இல்லாத விலக்கல் இது.

கொண்டாட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வரிசையிலிருந்து பாதியில் வெளியேற வழி, சத்தம் எட்டாத ஓர் அறை, மினுக்காத விளக்கு. கோயிலில் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தில், பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில். பார்வை மங்கியவருக்கு வேண்டிய வெளிச்சமே ஆட்டிசம் உள்ள இன்னொருவருக்கு வதையாகலாம். எனவே எல்லாருக்குமான ஒற்றை அளவு சாத்தியமில்லை. இயல்பான உடல் என்ற புனைவு உடைவது இங்கேதான். வரைபடம் போடுகிற மேசையில் இந்த உடல்கள் உட்கார்ந்தாக வேண்டும். கட்டி முடித்தபின் திறப்பு விழா மேடையில் அல்ல.