வெற்று ஆவணம்

சில வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்யும் குழுவில் நானும் இருந்தேன். சனி, ஞாயிறு முழுக்க அதே வேலை. பூச்சி அரித்த ஓரங்களைத் தூரிகையால் தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டி, கோணலை நிமிர்த்தி, பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றுவோம். ஒரு நூல் ஏறியதும் வாட்ஸாப் குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவியும். அப்படி நான் ஏற்றிய முதல் பெரிய நூல் அறுநூற்றுச் சொச்சம் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அச்சான உரைநூல். இணைப்பைப் பெருமையோடு ஓர் அண்ணனுக்கு அனுப்பினேன். மதுரைப் பக்கம் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் வழியாகத்தான் படிப்பார், எழுதுவார், மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துவார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, எரநூறு எம்பி இறக்குனேன். தெறந்தா 'எம்ப்டி டாக்குமென்ட்'னு சொல்லுது. சரியான பைலத்தான் அனுப்புனியா?"

சரியான பைல்தான். நாங்கள் ஏற்றியது அறுநூறு புகைப்படங்கள். அவற்றில் எழுத்து இருப்பது கண்ணுக்குத்தான் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு அது ஒன்றுமில்லாத காகிதம். மென்பொருள் பொய் சொல்லவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

அன்றிலிருந்து தமிழ்ப் பாரம்பரியத் தளங்களைப் பார்க்கும் விதம் மாறிப்போனது. ஒரு நாவலை விமர்சிப்பதுபோல இந்தத் தளங்களையும் விமர்சிக்க முடியும் என்று நினைக்கிறேன். நாவலைப் போலவே இவையும் மனதில் ஒரு வாசகரை வைத்துக்கொண்டுதான் கட்டப்படுகின்றன. அந்த வாசகருக்குக் கண் நன்றாகத் தெரியும், காது கேட்கும், மவுஸைப் பிடித்து இழுக்கக் கை நடுங்காமல் வரும். மற்றவர்கள் வருவார்கள் என்று கட்டியவர் நினைத்தே பார்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கும் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மங்கலம். திரைவாசிப்பானின் குரலை நம்பி நிற்பவருக்கு, வழி சொல்லிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துகிற காரியம். நிறுத்தும் பொத்தான் எங்கே என்று சொல்ல வேண்டிய குரலே அந்த நாதஸ்வரத்தில் மூழ்கிக்கிடக்கும். தானாக ஒலிக்கும் இசை 3 நொடிக்கு மேல் போனால் அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்கின்றன உலகளாவிய வலை அணுகல் நெறிமுறைகள். "மங்கள வாத்தியம் கேட்டாலே எனக்கு டேபை மூடத் தோணுது தம்பி" என்பார் அண்ணன். கல்யாண வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டேன். அங்கே சாப்பாடு இருக்கிறதே என்றார்.

அடுத்தது நிறம். பழமை என்றாலே மங்கிய மஞ்சள் பின்னணியும் பழுப்பு எழுத்தும் என்று யார் தீர்மானித்தார்களோ தெரியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது அதே நெறிமுறை. கண்புரை விழத் தொடங்கிய என் அம்மாவுக்கு அந்த மஞ்சளில் எதுவும் தெரிவதில்லை. அப்புறம் அந்த 360 டிகிரி கோயில் உலா, மவுஸால் இழுத்தால் மட்டுமே சுழலும். விசைப்பலகையை நம்பி இருப்பவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கல்வெட்டைப் பற்றி நாற்பது நிமிடம் அருமையாகப் பேசும் காணொளியில் ஒரு வரி வசனத்துணை இருக்காது. காது கேளாதவருக்கு வாயசைவு மட்டும் மிஞ்சும். இத்தனைக்கும் நடுவே மேல் மூலையில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னமும், எழுத்தைப் பெரிதாக்கச் சிறிதாக்க இரண்டு பொத்தான்களும் இருக்கும். கடமை முடிந்தது.

இதையெல்லாம்விடக் கொடுமை எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழை ஆங்கில விசைகளின் மேல் முகமூடி மாதிரி மாட்டினார்கள். அந்தக் காலப் பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல்லுக்கு அடியில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் முகமூடியைப் பார்ப்பதில்லை, அடியில் இருப்பதைத்தான் வாசிக்கும். ஒரு முழுக் கட்டுரையும் இப்படி ஜே கே பி ஓ என்று ஓடுவதை ஒருமுறை அவர் எனக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். இரண்டு நிமிடம் தாங்க முடியவில்லை.

இவற்றை வசதிக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிடலாம், நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் அவருடைய முனைவர் பட்டம் பற்றிப் பேச்சு வந்தது. சங்க இலக்கியத்தில்தான் ஆய்வு செய்திருக்கிறார். அந்த விருப்பம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"விருப்பமா? எனக்குப் பிடிச்சது பழைய பத்திரிகைங்க. முதல் நாவல்கள் வந்த காலம், அப்ப நடந்த சண்டைங்க, அதெல்லாம்தான் செய்யணும்னு இருந்தேன். ஒண்ணுகூட டைப் ஆகல. சங்க இலக்கியம் டைப் ஆயிருந்துச்சு. அவ்வளவுதான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையை, யாரோ ஒரு தன்னார்வலர் எதைத் தட்டச்சு செய்தார் என்பது முடிவு செய்திருக்கிறது. எதைப் படிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு நாம் ஃபேஸ்புக்கில் அடித்துக்கொள்கிறோம். அவருக்கான பட்டியலைச் சத்தமில்லாமல் பைல் வடிவம் போட்டு முடித்திருக்கிறது.

அவருக்குக் கிடைத்த அந்தச் சங்க இலக்கியம் மதுரைத் திட்டத்தின் உழைப்பு. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சியில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். அன்றைய இணைய வேகத்தில் படங்களை ஏற்றுவது சுலபமில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வேகம் கூடியது, ஸ்கேனர் மலிந்தது, நாம் ஆயிரக்கணக்கில் படங்களைக் குவித்தோம். எண்ணிக்கையில் பார்த்தால் பெரிய முன்னேற்றம். அண்ணனின் கணக்கில் அந்த ஆயிரங்களும் பூஜ்யம்தான்.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய அச்சின் அழகு, ஓரக் குறிப்பு, கைமாறியவர்களின் கையெழுத்து எல்லாம் படத்தில்தான் இருக்கும். ஆனால் படத்தோடு நின்றுவிட்டால் நாம் காப்பாற்றியது காகிதத்தைத்தான். காப்புரிமையைக் காரணம் காட்டவும் வழியில்லை, நூறு வருடம் தாண்டிய நூல்கள் இவை. காப்புரிமை உள்ள நூல்களையே பார்வையற்றோருக்கான வடிவத்தில் மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது, அதை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016இலேயே வந்துவிட்டது. சட்டம் தயார், பைல்தான் தயாரில்லை.

எழுத்து முடிந்தால் படம் இருக்கிறது. ஒரு பாரம்பரியத் தளத்துக்கு, படங்களுக்கான மாற்று உரை எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. பார்க்க முடியாதவருக்குப் படத்தின் இடத்தில் ஒலிக்கப்போகும் சில வரிகள். அதுவரை அங்கே கேமரா போட்ட பைல் எண்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. சுலபமான வேலை என்று நினைத்து, மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு 'அர்ச்சுனன் தபசு, பல்லவர் காலச் சிற்பம்' என்று எழுதி அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அர்ச்சுனன்னு படத்துல எழுதியிருக்கா?"

இல்லை. அது அர்ச்சுனன் என்றும், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்றும் அறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு இருக்கிறது. பார்க்கிறவர் இரண்டையும் யோசித்துத் தன் முடிவுக்கு வரலாம். நான் இரண்டே சொல்லில் தீர்ப்பை எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

மறுபடி எழுதினேன். பெரும்பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு. பிளவுக்குள் நாகங்கள். அதற்கு இடப்பக்கம், எலும்பு தெரிய மெலிந்த ஒருவர் ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறார். அவர் அருகே நான்கு கைகளோடு சிவன். வலப்பக்கம் பெரிய யானைகள், காலடியில் குட்டிகள். யானையின் பக்கத்தில் ஒரு பூனை, பின்னங்காலில் நின்று அதே தவக்கோலத்தில் முன்னங்கால்களைத் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "பூனையப் போயி கடைசில வெச்சிட்டியே. ஆனா கடைசில வெச்சதுனாலதான் சிரிப்பு வருது, இல்ல?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாறையின் முன் நிற்பவரின் கண், யானையிலிருந்து பூனைக்கும் பூனையிலிருந்து தவசிக்கும் இஷ்டம்போலத் தாவும். காதுக்கு அந்தச் சலுகை இல்லை, நான் வைத்த வரிசையில்தான் போக முடியும். தவசியை முதலில் வைத்தால் பூனை கேலி ஆகிறது. பூனையை முதலில் வைத்தால் தவசியின் மேலேயே சந்தேகம் விழுகிறது. படத்துக்கு நான்கு வரி எழுதுவது சிற்பத்துக்கு ஒரு வாசிப்பைக் கொடுப்பதுதான். அதைத் தளம் கட்டும் நிறுவனத்தின் கடைசி நாள் அவசரத்தில், சிற்பத்தையே பார்க்காத ஒருவரிடம் தள்ளிவிடுகிறோம். இலக்கியம் படிக்கிற நாம் செய்ய வேண்டிய வேலை இது. வலை அணுகல் நெறிமுறைகளின் முதல் பதிப்பு 1999இல் வந்தபோதே, அதில் முதல் நெறியாக இருந்தது இதுதான்: படத்துக்கும் ஒலிக்கும் ஈடான மாற்று கொடு.

நாமும் யோக்கியமில்லை. கவிதையை அழகான எழுத்துருவில், மழை ஜன்னல் பின்னணியில் படமாக்கி இன்ஸ்டாகிராமில் போடுகிறோமே, அதுவும் ஒரு வெற்று ஆவணம்தான். திருட்டுப் போய்விடும் என்று எழுத்தைப் படமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். திருடுகிறவன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போகிறான்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது இரட்டைப் புலவர்களை இழுப்பார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது, ஒருவர் பாதி வெண்பா பாட மற்றவர் முடிப்பார் என்ற கதை. கேட்டுக் கண்கலங்குவார்கள். அண்ணனுக்கு இந்தக் கலங்கல் அலுத்துவிட்டது. "அந்தக் கதையில ஆளத் தூக்கிச் சுமந்தது கண்ணு தெரியாதவரு. மேடையில பேசுற எவனாச்சும் அதச் சொல்றானா பாரு."

அந்த அறுநூறு பக்க நூலுக்குத் திரும்பினோம். ஸ்கேனை கூகுளின் எழுத்துணரி வழியாக எழுத்தாக்கி, நாலைந்து பேர் பக்கம் பிரித்துக்கொண்டு மெய்ப்புப் பார்க்கிறோம். தமிழ் விக்கிமூலத்தில் இப்படித்தான் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைப் பல தன்னார்வலர்கள் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய அச்சு எழுத்துணரியைப் படாதபாடு படுத்துகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா, ணை, லை வடிவங்கள் அதைத் தடுமாற வைக்கின்றன. கால் போட வேண்டிய இடத்தில் ரகரம் போடுகிறது. முடிந்த பக்கங்களை அண்ணனுக்கு அனுப்புவேன், படிக்கட்டும் என்றுதான். போன மாதம் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டார்.

"பக்கம் 212, மேற்கோள் வெண்பா. ரெண்டாவது அடியில 'கரண'ன்னு இருக்கா?"

பார்த்தேன். இருந்தது. நானே மெய்ப்புப் பார்த்துப் பச்சைக்குறி போட்ட பக்கம்.

"முன்னாடி விளச்சீர் இருக்கு. அதுக்கப்புறம் நேரசைதானே வரணும்? 'கரண' நிரையில தொடங்குது. தளை தட்டுதுப்பா. படத்தப் பாரு, 'காண'ன்னு இருக்கும்."

ஸ்கேனைத் திறந்து பெரிதாக்கினேன். 'காண' என்றுதான் இருந்தது. திருத்தினேன்.

"213 எப்ப வரும்?" என்றார்.