ஏற்ற முடிந்தால்தான் நம் பாட்டு

காசு கொடுத்து வாங்கிய பாட்டு உண்மையில் நம்முடையதா என்பதற்கு ரசீது சாட்சியாகாது. விற்றவரைக் கேட்காமல் அதை நம் போனில் ஏற்ற முடிகிறதா, நாளை போனை மாற்றினால் புதிய போனிலும் ஏற்ற முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இணையத்தில் பாட்டு விற்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடைக்கும் போனுக்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன வேலையில்தான் வாங்குபவரின் உரிமை சில சமயம் வென்றது, பல சமயம் தோற்றது. பாட்டை வாங்கிப் போனில் ஏற்றி வைக்கும் பழக்கத்தின் நிறைகுறைகளை இந்தக் கோணத்தில் எடைபோடுவதே நியாயம்.

2003 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்றது. முழு ஆல்பத்தையும் வாங்காமல் பிடித்த ஒரு பாட்டை மட்டும் வாங்கலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும், ஆப்பிள் அனுமதிக்காத கருவியில் பாடாதபடி தடுக்கும் ஃபேர்பிளே என்ற பூட்டு இருந்தது. 2005இல் மோட்டரோலாவின் ராக்கர் போனில் இந்தப் பாடல்களை ஏற்ற வழி பிறந்தது. அதிலும் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற விடவில்லை, மெமரி கார்டில் இடம் மிச்சமிருந்தாலும்கூட. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையை 2006இல் நிறுத்தியது. இரண்டு ஆண்டு கழித்து, உரிமம் சரிபார்க்கும் சர்வர்களையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. நிறுத்தியிருந்தால், காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்தப் பாடல்களைப் புதிய கணினிக்கு மாற்றவே முடியாது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் 2011 இறுதிவரை அவகாசம் கிடைத்தது.

அதே ஆண்டுகளில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் என்ன நடந்தது? செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டினால், சில பத்து ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை. ஆனால் அந்தப் பாடல்கள் எந்த போனிலும் பாடின. காசு கொடுத்தவருக்குத் தடை, கொடுக்காதவருக்குத் தாராளம் என்ற நிலையைப் பூட்டுமுறை தானே உருவாக்கியது. திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு நேர்மையாக வாங்கியவரைத்தான் வதைத்தது.

பூட்டு மெல்லத் திறந்தது. 2007இல் இஎம்ஐ இசை நிறுவனம் தன் பாடல்களைப் பூட்டில்லாமல் ஐடியூன்ஸில் விற்கச் சம்மதித்தது. அதே ஆண்டு அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடையைத் தொடங்கியது. 2009இல் ஐடியூன்ஸ் கடை முழுவதும் பூட்டு நீங்கியது. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2012இல் ஃப்ளைட் என்ற பெயரில் எம்பி3 கடை திறந்து, அடுத்த ஆண்டே மூடியது. ஆனால் அங்கே வாங்கிய பாடல்களைக் கணினியிலும் போனிலும் இறக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 2020இல் கூகுள் பிளே மியூசிக் மூடப்பட்டபோதும் இதே கதைதான். கடை போனாலும் பாட்டு நிற்கும் என்பதே இந்தப் பழக்கத்தின் தலையாய பலம்.

ஸ்ட்ரீமிங்கோடு ஒப்பிட்டால் இந்தப் பலம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஸ்பாட்டிஃபையில் டவுன்லோடு செய்த பாட்டு நம் போனில் இருந்தாலும், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் பாடாது. 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்ததும் ஜீ மியூசிக் பாடல்கள் அதிலிருந்து காணாமல் போயின. 2024இல் விங்க் மியூசிக் செயலி தன் சேவையையே முடித்துக்கொண்டது. குறைந்த சந்தாவில் கடலளவு பாட்டு கேட்கலாம் என்ற ஸ்ட்ரீமிங்கின் சிறப்பை நான் மறுக்கவில்லை. புதிய இசையைத் தேடிக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இன்று இல்லை. ஆனால் உயிருக்கு நெருக்கமான நூறு பாட்டை அதை நம்பி விட்டுவைக்கக் கூடாது.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம் ஒன்று, டிஜிட்டல் பொருளை விற்பவர் தருவது வெறும் உரிமம்தான் என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இணையமே இல்லாமல் பயன்படுத்தும்படி நிரந்தரமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பொருளுக்கு விலக்கு உண்டு. கையில் வந்து சேர்ந்ததா என்பதே அங்கும் அளவுகோல்.

இனி குறைகள். முதல் குறை, அலுப்பூட்டும் வேலை. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் கணினியில் இணைத்தால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போன் திரையின் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே போனின் ஃபோல்டர்கள் கணினியில் தெரியும். சில மலிவான கேபிள்களில் டேட்டா போகும் கம்பியே இருக்காது. என்ன செய்தாலும் போன் தெரியாது. ஐபோனில் சிக்கல் வேறு விதம். எம்பி3யை ஃபைல்ஸ் செயலியில் போட்டால் அங்கே மட்டும் கேட்கலாம். மியூசிக் செயலிக்குள் அது போகாது. கணினி வழியாக சிங்க் செய்ய வேண்டும். வேறொரு கணினியில் இணைத்து சிங்க் செய்யப் போனால், போனிலுள்ள பாடல்களை அழித்துவிடவா என்று கேட்கும்.

இரண்டாவது குறை நம் திரையிசைக்கே உரியது. நாம் பாட்டைத் தேடுவது படத்தின் பெயராலும் இசையமைப்பாளர் பெயராலும். கடைகளோ ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் ஒரு பாட்டுக்குப் பாடகரையும், இன்னொன்றுக்கு இசையமைப்பாளரையும் போட்டு அனுப்புகின்றன. ஆங்கில எழுத்தில் இளையராஜாவின் பெயரையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். போனிலுள்ள பிளேயர் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாகப் பட்டியலிடும். ஒரே படத்தின் ஐந்து பாடல்கள் ஐந்து ஆல்பமாகச் சிதறிக் கிடக்கும். கணினியில் அமர்ந்து பெயர்களைத் திருத்திய பிறகு ஏற்றினால் மட்டுமே இது சீராகும்.

மூன்றாவது குறை, காவல் வேலை நம் தலையில் விழுவது. போன் தொலைந்தால், மெமரி கார்டு பழுதானால், நகல் இல்லாத பாட்டு போனது போனதுதான். நான்காவது, முழு உரிமை இன்னும் வரவில்லை. பழைய சிடியை விற்கலாம். வாங்கிய பாட்டுக் கோப்பை ரீடிஜி என்ற தளம் வழியாக மறுவிற்பனை செய்வது, நகலெடுப்பதால் பதிப்புரிமை மீறல் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

எடைபோட்டால், இந்தக் குறைகளில் பெரும்பாலானவை விற்பவரும் போன் தயாரிப்பவரும் உண்டாக்கியவை. பாட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தின் இயல்பில் அவை இல்லை. வாங்குமுன் பூட்டு இல்லையென்று உறுதி செய்யுங்கள். கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று என இரண்டு நகல் வையுங்கள். தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளை வீட்டில் வைத்துக்கொண்டு, போனில் 256 கேபிபிஎஸ் தரத்தில் ஏற்றினால் போதும். நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 8 எம்பிதான் வரும். 32 ஜிபி இடத்தில் சுமார் 4,000 பாட்டு அடங்கும். புளூடூத் இயர்போனில் கேட்பவர்களுக்கு அந்தத் தரத்துக்கு மேல் போவதால் பெரிய பயன் இல்லை.

மீதிப் பொறுப்பு விற்பவர்களுடையது. பேண்ட்கேம்ப் தளம் பூட்டில்லாத கோப்பை எம்பி3, ஃப்ளாக் எனக் கேட்ட வடிவில் தருகிறது. டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. தமிழ்த் திரையிசையின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்களும் இதுபோல் நேரடியாக விற்க வேண்டும். படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்களைப் பிழையின்றிப் பதித்துத் தர வேண்டும். அப்படி விற்றால், கேபிள் தேடி, நகல் எடுத்து, போனுக்குப் போன் மாற்றி வைக்கும் உழைப்பைப் பாட்டை நேசிப்பவர்கள் மனமுவந்து ஏற்றுக்கொள்வார்கள்.