ஒரு புள்ளடியின் நயம்
1995 ஒக்டோபர் 30இல், போரால், யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. சாவகச்சேரியில் ஒதுங்கிய குடும்பம் பிறகு வடமராட்சிக்குப் போகலாம், கிளாலி தாண்டி வன்னிக்கும் போகலாம். இத்தனை பேருக்கு அரிசி வேண்டும் என்று மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு ஒரு தொகை சொல்ல வேண்டிய விதானைமாரின் இக்கட்டை நினைத்துப் பாருங்கள். போன இடமெல்லாம் பதிந்தால் ஒரு குடும்பம் மூன்றாகிவிடும். வழியில் பட்டியல் தொலைந்தால் ஒரு கிராமமே கணக்கில் இல்லை. தொலையாதிருக்க இரண்டு வழியால் அனுப்பினாலோ, கிராமம் இரட்டித்துவிடும்.

இதே முடிச்சை அவிழ்க்கும் எண்ணும் முறை ஒன்றை 1985இல் ஃபிளஜோலே, மார்ட்டின் என்னும் கணினி ஆய்வாளர் இருவரும் வெளியிட்டார்கள். தரவுத்தளங்களுக்காகப் பிறந்த அதை, 2004இல், இணைப்பு அறுந்தறுந்து போகும் உணரி வலையமைப்புகளுக்கும் வேறு ஆய்வாளர்கள் எடுத்தாண்டார்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாணயம் சுண்டுவதாக வையுங்கள். பூ விழுமுன் எத்தனை தலை விழுந்ததோ, சுழியம் முதல் இலக்கமிட்ட கட்டங்கள் கொண்ட தாளில் அந்த இலக்கக் கட்டத்தில் ஒரு புள்ளடி. பாதிப் பேர் முதற் கட்டத்தில் நின்றுவிடுவார்கள், காற்பங்கினர் இரண்டாவதில். ஆயிரம் குடும்பம் என்றால் ஏறத்தாழப் பத்துக் கட்டம் இடைவெளியின்றி நிரம்பும். ஒரு லட்சத்துக்கும் பதினாறு, பதினேழுதான். நிரம்பிய நீளமே தொகையைச் சொல்லிவிடும். தாள்களை ஒன்றாகச் சேர்க்கையில், ஒரே தாள் பத்து வழியால் வந்திருந்தாலும் புள்ளடியின் மேல் புள்ளடி விழும், அவ்வளவே.

எனக்கு நெஞ்சை அள்ளுவது அடுத்த நுட்பம். நாணயத்தை எவரும் சுண்டுவதில்லை. குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு மாறாத சூத்திரத்தில் இட்டுக் குழப்பித் தலையும் பூவும் எடுத்தால் போதும். ஆகவே கொடிகாமத்தில் பதிந்தாலும் பருத்தித்துறையில் பதிந்தாலும் அக்குடும்பத்துக்கு அதே கட்டம்தான். மேலே போகும் தாளில் ஒரு பெயரும் இராது. பெயர்ப் பட்டியலுக்கே அஞ்சிய காலத்தில் இது சிறிய நன்மையல்ல.

ஒற்றைத் தாளின் விடை ஏறத்தாழ இரு மடங்கு பிசகுவது சாதாரணம். 64 தாள்களில் பிரித்துப் பதிந்து சராசரி கண்டால் பிழை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. அரிசி மூடைக்கு அது போதும் என்பேன். புறப்பட்டுப் போன குடும்பத்தின் புள்ளடியை மட்டும் அழிக்க வழியில்லை: அதே கட்டத்தில் வேறெவருடைய புள்ளடியும் கலந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் வெற்றுத் தாளில்தான் தொடங்க வேண்டும்.