நுங்கு வண்டி

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, உதியன்குளங்கரைப் பக்கம் நுங்கு தின்று முடித்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வேலையே. கண் தோண்டிய இரண்டு காய்கள், கோக்க ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. கவை உரசும் இடத்தில் துளி தேங்காயெண்ணெய் விட்டால் ஓட்டம் லேசாகும். உராய்வுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது அதன் கோணல். ஒரு காய் சிறுத்திருந்தால் வண்டி அந்தப் பக்கமே வளையும். ஒரே அச்சில் இறுகி இரண்டும் சேர்ந்தே சுற்றுவதால், பெரியது கூடுதல் தூரம் போய்விடுகிறது. பாறசாலை வழியே 1979-இல் வந்த பாதையில் ரயில் வளைவதும் இந்த வித்தையால்தான்: சக்கரத்தின் உருளும் பரப்பு லேசாகச் சரிந்திருக்கும், வளைவில் வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியில் உருளும். வட்டமடிக்கவென்றே சின்னக் காய் பொறுக்கும் பையன்களும் உண்டு.