"மெதுவா விடு"

கியர் வண்டி ஓட்டக் கற்ற பலருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பள்ளி மைதானம் நினைவிருக்கும். பின்சீட்டில் அண்ணனோ மாமாவோ உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்ச மெதுவா விடு" என்பார். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி அதே வார்த்தை.

இந்த வீட்டுப் பயிற்சியை நான் குறைவாக நினைக்கவில்லை. செலவில்லை, அவசரமில்லை. பதினைந்து முறை ஆஃப் ஆனாலும் திட்டு விழுவது நம் மனிதரிடம்தான். பயம் தெளிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் அந்த அறிவுரை பாதிதான். கிளட்ச் லீவரை விடும்போது முதலில் எதுவும் நடக்காது. பிறகு ஒரு சின்ன இடத்தில் தட்டுகள் வழுக்கிக்கொண்டே ஒட்டத் தொடங்கும். என்ஜினின் விசை கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்துக்குப் போகும். அதற்குப் பின் தட்டுகள் முழுதாகப் பிடித்துவிடும். மெதுவாக விடும் பிள்ளை இந்த நடு இடத்துக்கு ஒழுங்காகத்தான் வருகிறான். வண்டி இழுத்ததும் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது, "வண்டி இழுக்கிற இடத்துல கைய நிறுத்து" என்பது.

இதற்குத் தனிப் பயிற்சியே உண்டு. சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், வண்டி நகரும்வரை மட்டும் கிளட்ச்சை விட்டு, திரும்பப் பிடிக்க வேண்டும். நூறு சிசி வண்டிகூடச் சமதளத்தில் இப்படி நகரும். இருபது முறை செய்தால் கை அந்த இடத்தைத் தானாகத் தேடிப் போகும். கிளட்ச் தட்டு எரிந்துவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் தட்டுகள் ஆயிலில் ஊறியே சுழல்கின்றன. இடையிடையே ஓய்வு கொடுத்துச் செய்யும் பயிற்சி அவற்றைக் கெடுக்காது. தினமும் நெரிசலில் கிலோமீட்டர் கணக்கில் அரை கிளட்ச்சிலேயே போவதுதான் தேய்க்கும்.

ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடுவதை வீண் சடங்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கால் ஊன்றாமல் அவ்வளவு மெதுவாக வளைய அரை கிளட்ச்சும் பின்பிரேக்கும் கைகொடுத்தாக வேண்டும். குறை, அது சமதளத்தோடு நின்றுவிடுவது. லைசென்ஸ் வாங்கிய மறுவாரம் மேம்பால ஏற்றத்தில் சிக்னல் விழுகிறது, பின்னால் லாரி. பின்பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை வண்டி இழுக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்து, அப்புறம்தான் பிரேக்கை விட வேண்டும் என்பதைப் புதிதாக ஓட்டுபவருக்கு யாரும் பழக்கியிருப்பதில்லை. வண்டி பின்னால் உருள்கிறது.

இதைவிட ஆபத்தான பாடம், "பிரேக் பிடிச்சா கிளட்ச்சயும் பிடி". மைதானத்தில் அது வண்டி ஆஃப் ஆகாமல் காக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது அப்படிப் பிடித்தே வந்தால், என்ஜின் தரும் தடை இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் கிளட்ச்சைப் பிடித்தால் போதும்.

வரும் ஞாயிறு தம்பியையோ மகளையோ மைதானத்துக்குக் கூட்டிப் போகிறவர்களே, முதல் அரைமணி நேரம் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடாதீர்கள். கிளட்ச் மட்டும் போதும். அது கைவந்தபின் ஒரு சின்ன ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்குங்கள்.