அரக்குத் தட்டில் மூன்று நிமிடம்

நவம்பர் வந்தால் எனக்கு ஒரு பழைய நாய் மார்க் கிராமபோன் பிளேட்டை எடுத்துத் துடைக்கத் தோன்றும். 1902 நவம்பரில்தான் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடகி கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அந்தப் பதிவின் நூற்றாண்டைக் கடந்தும் ஆண்டுகள் ஓடிவிட்டன. எனக்கு நினைவில் நிற்பது தேதியைவிடத் தட்டின் கனம். பத்து அங்குலம்தான், ஆனால் இரண்டு கையாலும் ஏந்தத் தோன்றும். அரக்கும் கல்தூளும் கலந்து சூட்டில் அழுத்தியது. நடுவில் இருக்கும் வட்டத் தாளுக்குப் பசையே கிடையாது. அதே அழுத்தத்தில் அரக்கோடு அரக்காக ஒட்டிக்கொண்டது. விரலால் தடவினால் தாள் முடிந்து தட்டு தொடங்கும் இடம் அநேகமாகத் தட்டுப்படாது. யாரோ ஒரு தொழிலாளி துளைக்கு நேராக அதைப் பொருத்தியிருக்கிறார், என்ன நிதானம்!

சாவி கொடுத்து, புது முள் மாட்டி, ஓரத்தில் மெல்ல இறக்கினால் முதலில் வருவது பாட்டல்ல, எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல ஒரு சடசடப்பு. அதற்குள்ளிருந்துதான் குரல் எழும்பி வரும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடலாம். அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்பதால் பாடகர் மூச்சைக்கூட அளந்து விடுவது கேட்கும். பாட்டு நின்ற பிறகும் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். முள்ளை உடனே எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.